புதுச்சேரியின் பழைய தமிழர் பகுதியில் லக்சுரி வரிசை வீடுகள்: தெருவோடு ஒத்துப்போக எப்படிக் கட்டுவது?

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே ஒரே மனையில் நான்கு வரிசை வீடுகள் கட்டப் போவதாகவும், உயர்ந்த விலைக்குப் போக வேண்டிய அந்த வீடுகள் தெருவைக் கெடுத்துவிடக் கூடாது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதே பகுதியில் பழைய வீடுகளைப் புதுப்பிப்பதும், அவற்றுக்கு நடுவே புதிதாகக் கட்டுவதும்தான் என் தொழில்.

முதலில் மஞ்சள் பெயின்ட், உயரமான மதில், காகிதப்பூக்கொடி மூன்றையும் மறந்துவிடுங்கள். அதெல்லாம் வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுப் பகுதிக்கு உரியது. அங்கே வீடு மதிலுக்குப் பின்னால் தோட்டத்தோடு ஒதுங்கி நிற்கும். உங்கள் பக்கத்தில் வீடு தெருவுக்கே வந்துவிடும். மரத்தூண் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், அதையொட்டித் திண்ணை, அப்புறம்தான் வாசற்கதவு. பல வீடுகளில் கீழ்த்தளம் இப்படித் தமிழ் முறையிலும், மாடி வளைவு ஜன்னலும் சுவரோடு ஒட்டிய அரைத்தூணுமாகப் பிரெஞ்சு முறையிலும் இருக்கும்.

ஆர்க்கிடெக்டை அழைத்துக்கொண்டு ஒருநாள் வைசியாள் வீதிக்குப் போய்வாருங்கள். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு முன்னின்று முகப்புகளைச் சீரமைத்த தெரு அது. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது பெற்றது. ஒரு கோடியில் நின்று பாருங்கள். தூணும் ஜன்னலும் வீட்டுக்கு வீடு வேறு வேறு. ஆனால் தாழ்வாரங்களின் விளிம்பு மட்டும் ஏறக்குறைய ஒரே கோட்டில் போகும். நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கோட்டைத்தான். அது சரியாக அமைந்தால் ஜன்னலும் கைப்பிடிச்சுவரும் இன்றைய பாணியில் இருந்தாலும் உறுத்தாது.

அந்தக் கோட்டைக் கெடுப்பது பெரும்பாலும் தளத்தின் உயரம். பழைய வீடுகளில் ஒவ்வொரு தளமும் நல்ல உயரம். நாம் இன்று பத்தடியில் தளம் போடுகிறோம். பக்கத்து வீட்டின் இரண்டு தள உயரத்துக்குள் மூன்று தளத்தைத் திணித்தால், ஜன்னல் வரிசை எதுவும் அண்டை வீட்டோடு சேராது. ஒரு தளத்தை விட்டுக்கொடுத்து உயரமான கூடம் கட்டுங்கள். பெரிய விலை கொடுப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு படுக்கையறையைவிட அந்த உயரம்தான் பிடிக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்தது கார். வீட்டுக்கு ஒன்றாக நான்கு ஷட்டர் வைத்தால் திண்ணைக்கு இடமே இருக்காது. தெரு கடைவீதி மாதிரி ஆகிவிடும். நான்கு வீட்டுக்கும் பொதுவாக ஒரே நுழைவாயில் வைத்து, கார்களைப் பின்புறம் கொண்டுபோய் நிறுத்துங்கள். அந்த வாயிலுக்கு மேலும் தாழ்வாரம் தொடரட்டும். திண்ணையை அலங்காரத்துக்கென்று ஒரு சாண் அகலத்தில் கட்டாதீர்கள். ஆள் காலை மடக்கி உட்கார வேண்டும். ஓரத்தில் முதுகு சாய்க்க ஒரு சரிவு இருக்க வேண்டும்.

செலவை உள்ளே செய்யுங்கள். குறுகி நீண்ட மனையில் வெளிச்சமும் காற்றும் நடுவீட்டுக்கு வர முற்றத்தைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வானம் பார்த்த முற்றம், சுண்ணாம்புப் பூச்சை மெருகேற்றிய சுவர், தேக்குக் கதவு, ஆத்தங்குடித் தரை, வேண்டுமானால் முற்றத்திலேயே ஒரு சின்ன நீச்சல் குளம். உப்புக்காற்றில் சாதாரண இரும்பு கிரில் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் முகப்புக்கு மரமே மேல். ஏசி பெட்டியும் தண்ணீர்த் தொட்டியும் தெருவிலிருந்து கண்ணில் படக் கூடாது.

பேஸ்மென்ட் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். கடலோர ஊர், நிலத்தடி நீர் மேலேயே இருக்கும். அண்டை வீட்டுப் பழைய செங்கல் சுவருக்கு ஆழமான அஸ்திவாரமும் இருக்காது. பக்கத்தில் தோண்டினால் விரிசல் விடும். சாதாரண அஸ்திவாரத்துக்கே கூட, தோண்டும் முன் இருபக்கச் சுவர்களையும் வீட்டுக்காரர்களை வைத்துக்கொண்டு போட்டோ எடுத்து, ஏற்கெனவே உள்ள விரிசல்களைக் குறித்து ஆளுக்கொரு பிரதி கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.