ரப்பர் மாற்றியும் மேட் நனைகிறதா? கதவு பேடைக் கழற்றிப் பாருங்கள்

காரின் கதவு ரப்பரைப் புதிதாக மாற்றியும் மழை பெய்தால் இடது முன்பக்க மேட் நனைகிறது, ஸ்பீக்கர் மாற்றிய பிறகுதான் இப்படி என்று எழுதியிருந்தீர்கள். எனக்குச் சந்தேகம் ரப்பர் மேல் இல்லை, அந்த ஸ்பீக்கர் வேலை மேல்தான்.

கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு; அடியிலுள்ள சின்ன ஓட்டைகள் வழியே வெளியேறிவிடும். அது காருக்குள் வராமல் தடுப்பது, கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் பேடுக்குப் பின்னால் கறுப்புப் பசையால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட். ஸ்பீக்கர் மாட்டுகிறவர்கள் அதைக் கிழித்துவிட்டு அப்படியே மூடிவிடுவது சகஜம். பேடைக் கழற்றிப் பாருங்கள். ஷீட்டின் கீழ் ஓரம் விட்டிருந்தால் பழைய பசையைத் துடைத்துவிட்டு பியூட்டைல் டேப் (ரப்பர் போல் பிசுபிசுப்பான டேப்) வைத்து நன்றாக அழுத்தி ஒட்டுங்கள். செலோ டேப் வேண்டாம், நாலு வெயிலுக்குத் தாங்காது. பேடை மாட்டும் முன் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். கதவின் அடியில் மட்டும் சொட்டினால் சரி.

சொட்டவே இல்லையென்றால் ஓட்டைகள் அடைத்திருக்கின்றன. ஒரு கேபிள் டையால் குத்திவிடுங்கள், மண்ணும் இலைத்தூளும் கொட்டும். தண்ணீர் வருகிறதே என்று அந்த ஓட்டைகளில் சிலிக்கான் மட்டும் வைத்துவிடாதீர்கள், கதவு துருப்பிடித்துவிடும்.

அப்புறம், மழையே இல்லாத நாளிலும் ஏசி ஓடும்போது நனைகிறதா? அப்படியென்றால் கதவை விடுங்கள், ஏசி தண்ணீர் வெளியேறும் குழாயைப் பாருங்கள்.