ஊசியை நிறுத்தி மாத்திரை கொடுத்தது ஏன்?

கேள்வி: சிறுநீர்த் தொற்றும் குளிர்காய்ச்சலும் வந்த என் தகப்பனாரைக் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். முதலில் விலை கூடிய ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் அதை நிறுத்தி, விலை குறைந்த மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வைத்தியத்தைப் பாதியில் குறைத்துவிட்டார்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். இது சரியா?
– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் தகப்பனாருக்கு நல்ல வைத்தியமே நடந்திருக்கிறது. காய்ச்சலோடு வருபவரின் உடலில் எந்தக் கிருமி இருக்கிறது என்பது முதல் நாளே தெரியாது என்பதால், கிருமியை வளர்த்து, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்குச் சிறுநீரை அனுப்பிவிட்டு, பலவகைக் கிருமிகளையும் அடக்கக்கூடிய மருந்தை ஊசியாகத் தொடங்குவார்கள். இரண்டு மூன்று நாட்களில் வரும் அறிக்கையில், மருந்தின் பெயருக்கு எதிரே 'எஸ்' என்றிருந்தால் கிருமி அதற்கு அடங்கும்; 'ஆர்' என்றிருந்தால் அடங்காது. அடங்கும் மருந்துகளில் மாத்திரையாகக் கிடைப்பது ஒன்று இருந்து, காய்ச்சலும் தணிந்து, நோயாளி வாய்வழியாகச் சாப்பிடவும் முடிந்தால், ஊசியைத் தொடரத் தேவையில்லை. ஊசி மருந்து ஏற்றுவதற்காகக் கை நரம்பில் செருகி வைக்கும் வென்ஃப்ளான் என்ற சிறு குழாய் வழியாகவே புதிய தொற்று நுழையக்கூடும் என்பதையும் உறவினர்களுக்குச் சொல்லுங்கள்.

என் கவலையெல்லாம் மூன்றாம் நாள் யாருமே திரும்பிப் பார்க்காத மருத்துவமனைகளைப் பற்றியது. அங்கே கல்ச்சர் அறிக்கை கோப்பில் கிடக்க, முதல் நாள் எழுதிய மருந்தே டிஸ்சார்ஜ் வரை ஓடும். அறுவை சிகிச்சை முடிந்த பிறகு தடுப்புக்காக ஆன்டிபயாடிக்கை நீட்டிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே அறிவுறுத்தியும், பல இடங்களில் அது நாள் கணக்கில் தொடர்கிறது. மருந்தை எழுதும்போதே எதற்காக என்ற காரணத்தையும், என்றைக்கு மறுபரிசீலனை செய்வது என்பதையும் கேஸ் ஷீட்டில் குறிக்கும் வழக்கம் வந்தாலே பெரிய மாற்றம் தெரியும். காரணத்தைக் கட்டாயம் எழுதுமாறு மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் 2024 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. ஐம்பது படுக்கை கொண்ட நர்சிங் ஹோமிலும் இது செலவில்லாமல் செய்யக்கூடியதே.

நம் பக்கத்து மக்களுக்கும் இதில் பங்குண்டு. சாதாரணச் சளிக்காய்ச்சலுக்குக்கூட, "நல்ல ஊசியாப் போட்டு உடுங்க" என்று கேட்பதை விட வேண்டும். வைரஸால் வரும் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எந்தப் பயனும் தராது.

உங்கள் தகப்பனார், சொன்ன நாள் வரை மாத்திரையை முடிக்கட்டும். கல்ச்சர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். மறுபடி காய்ச்சலோ குளிர்நடுக்கமோ வந்தால், தாமதிக்காமல் அந்த நகலோடு மருத்துவரிடம் செல்லுங்கள்.