இரவே வடித்த சாதமும் அலுவலக விருந்தும்

கேள்வி: சென்னையில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அவ்வப்போது ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோய்ச் சேர்ந்து சாப்பிடுவோம். காலை ஏழு மணிக்கே கிளம்ப வேண்டும் என்பதால், போன முறை இரவே குக்கரில் சாதம் வைத்துவிட்டு, காலையில் தாளித்து எலுமிச்சை சாதமாகக் கிளறி எடுத்துப்போனேன். சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் சிலருக்கு வாந்தி. சாதத்தில் வாடையே இல்லை. மைக்ரோவேவில் சூடும் செய்தோம். தவறு என் சாதத்திலா? முதல் நாளே எதைத்தான் செய்து வைப்பது?

பதில்: பரிசோதனை இல்லாமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நேரக் கணக்கைப் பார்த்தால் எனக்குச் சாதத்தின் மேல்தான் சந்தேகம். அரிசியில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருப்பது சகஜம். சோறு கொதிக்கும்போதும் அவை சாவதில்லை. வெதுவெதுப்பான சோறு மூடிய குக்கருக்குள் இரவு முழுவதும் இருந்தால், வித்துகள் முளைத்துப் பெருகி ஒரு நச்சை உண்டாக்குகின்றன. வாந்தி வருவது அதனால்தான், பெரும்பாலும் ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள். அந்த நச்சுக்கு வாடை கிடையாது, திரும்பச் சுடவைத்தாலும் அழியாது. நீங்கள் காலையில் பிழிந்த எலுமிச்சைச் சாறாலும் பயனில்லை. இரவில் உண்டான நச்சு அப்படியேதான் இருக்கும்.

'பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்?' என்று கேட்பீர்கள். தண்ணீர் ஊற்றிய சோறு இரவில் புளிக்கிறது. அந்தப் புளிப்பு இக்கிருமிகள் பெருக இடைஞ்சல். குக்கரில் மூடிக் கிடந்த வெறும் சோற்றுக்கு அந்தக் காவல் இல்லை.

ஆகவே முதல் நாள் செய்ய வேண்டியது சோறு அல்ல, அதில் கலக்க வேண்டியது. புளிக்காய்ச்சலை இரவே நல்லெண்ணெய் மிதக்கச் சுண்டக் காய்ச்சி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் சாதம் வடித்து, தாம்பாளத்தில் பரப்பி, மின்விசிறிக் காற்றில் ஆறவிட்டுக் கலந்தால் அரை மணி நேர வேலை. எலுமிச்சை சாதமும் இப்படியே. இரவே வடித்துத்தான் ஆக வேண்டுமென்றால், இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஆவி அடங்கியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். சுடச்சுட மூடி வைப்பதுதான் வினை. தயிர் சாதத்துக்குத் தயிரைக் குளிர்ச்சியாகத் தனியே கொண்டுபோய் மதியம் பிசையலாம்.

தட்டை, முறுக்கு, ரவா லட்டு வகைகளுக்குக் கவலையே வேண்டாம். ஈரம் இல்லாத இடத்தில் கிருமி வளராது. காலையில் வேகவைத்து, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியும் மதியம் வரை தாங்கும். தேங்காய்ச் சட்னியைத் தவிர்த்துவிடுங்கள். சுண்டலுக்கு இரவே ஊறப்போட்டு, காலையில் வேகவைத்து, தேங்காய்ப்பூ போடாமல் தாளியுங்கள். சர்க்கரை நோயுள்ள சக ஊழியர்களும் உங்களை வாழ்த்துவார்கள்.

பிரியாணியை முதல் நாளே அண்டாவில் செய்து வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உள்ளூர நடுக்கம்தான். பெரிய பாத்திரத்தின் நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும். 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட சூடுதான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். சமைத்த உணவு அந்தச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சென்னை வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். அசைவம் காலையில் சமைத்து ஹாட்பாக்ஸில் கொதிக்கக் கொதிக்கப் போகட்டும். விரலில் சீழ்ப்புண் உள்ளவர் அன்று சமைக்க வேண்டாம். அதிலுள்ள கிருமியும் சூட்டுக்கு அசையாத நச்சை உண்டாக்கக்கூடியது.

இனி யாருக்காவது வாந்தி வந்தால், உடனே மாத்திரை தேடி ஓட வேண்டாம். ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கைவசம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலோ, கடும் காய்ச்சல், மலத்தில் ரத்தம், சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகளும் முதியவர்களும் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது.

இன்னொன்று: புளியோதரையில் வேர்க்கடலை போடுவீர்கள் என்றால் பாத்திரத்தின் மேல் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். கடலை ஒவ்வாதவர் எந்த அலுவலகத்திலும் ஒருவர் இருக்கக்கூடும். கேட்டுவிட்டுச் சாப்பிட அவருக்குக் கூச்சமாக இருக்கும்.