‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்?

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று வயதுப் பூனை ஒன்று இருக்கிறது. இப்போது நான்கு மாத நாய்க்குட்டி ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. எடை 6 கிலோ. போன வாரம் குட்டி ஒரு துண்டு மில்க் சாக்லேட்டைத் தின்றுவிட்டது, 10 கிராம் இருக்கும். இரவெல்லாம் விழித்திருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. “சும்மா பயமுறுத்துகிறார்கள்” என்கிறார் என் கணவர். இணையத்தில் தேடினால் ஆகாதவற்றின் பட்டியல் முடிவில்லாமல் போகிறது. உண்மையில் எதற்குப் பயப்பட வேண்டும்? தப்பித்தவறி எதையாவது விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்கலாம் என்கிறார் என் மாமியார். செய்யலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உப்புத் தண்ணீர் வேண்டாம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சாக்லேட் விஷயத்தில் உங்கள் குட்டிக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம் சாதாரணக் கணக்குதான். சாக்லேட்டில் நாயைப் பாதிப்பது முக்கியமாகத் தியோபுரோமின் என்ற பொருள். நாயின் உடல் அதை மெதுவாகத்தான் கழிக்கும். உள்ளே போனதில் பாதி குறையவே ஏறக்குறைய 17 மணி நேரம் பிடிக்கும். நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனால் வாந்தி, பரபரப்பு, நிலைகொள்ளாத நடை என்று தொடங்கும். 40ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60க்கு மேல் வலிப்பு வரும். மில்க் சாக்லேட்டில் கிராமுக்குச் சுமார் 2 மில்லிகிராம்தான் இருக்கிறது. நீங்கள் சொல்லும் துண்டில் 20 மில்லிகிராம். அதை 6 கிலோவுக்குப் பகிர்ந்தால் கிலோவுக்கு மூன்று சொச்சம். அதனால்தான் குட்டி நிம்மதியாகத் தூங்கியது, நீங்கள்தான் தூங்கவில்லை. அதே 10 கிராம் கோகோ பொடியாக இருந்திருந்தால் கிராமுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருந்திருக்கும். கிலோவுக்கு 30ஐத் தாண்டியிருக்கும். அந்த இரவை இருவருமே தூங்காமல் கழித்திருப்பீர்கள். மில்க் சாக்லேட்டுக்கும் கோகோ பொடிக்கும் நடுவே கறுப்புச் சாக்லேட். நிறம் கறுக்கக் கறுக்க ஆபத்து கூடும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சாக்லேட்டில் தியோபுரோமின் இல்லை என்றே சொல்லலாம். கொழுப்பால் வயிறு கெடுவதோடு சரி.

ஆகவே உங்கள் கணவர் இந்த ஒரு விஷயத்தில் சொன்னது சரி. ஆனால் இதை வைத்துக்கொண்டு மற்றவற்றையும் அவர் எடைபோட்டால்தான் வம்பு. சாக்லேட்டில் அளவு மீறினால் சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். நான் அதிகம் பயப்படும் பொருள்கள் அப்படி இல்லை. தின்ற அன்று விலங்கு ஓடியாடும், வாலாட்டும், சாப்பிடும். அல்லது ஒருமுறை வாந்தியெடுத்துவிட்டுத் தேறிவிட்டதுபோல் படுத்திருக்கும். மருந்து வேலை செய்யும் நேரம் அந்த அமைதிக்குள்ளேயே கழிந்து போகும். ‘பார்ப்போம், ஏதாவது ஆனால் கொண்டுபோவோம்’ என்று வீட்டார் சொல்வது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

எலி மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை எலி மருந்தைத் தின்ற நாய்க்கு 3 நாள், 5 நாள் வரை எதுவும் தெரியாது. உடலில் இருப்பிலுள்ள உறைவுப் பொருள்கள் தீரும்வரை வண்டி ஓடும். பிறகு ஒரு நாள் சோர்ந்து படுக்கும், மூச்சு வாங்கும், ஈறு வெளுக்கும். அதற்குள் நெஞ்சுக்குள்ளோ வயிற்றுக்குள்ளோ இரத்தம் கசிந்திருக்கும். தின்ற அன்றே வந்தால் வாந்தியெடுக்க வைத்து, இரத்தம் உறையும் நேரத்தைச் சோதித்து, வைட்டமின் கே1 மாத்திரை கொடுத்துச் சமாளித்துவிடலாம். மாத்திரை சில வாரங்கள் தொடர வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் வந்தால் இரத்தம் ஏற்ற வேண்டிவரும். ஒரே ஒரு எச்சரிக்கை: எலி மருந்துகள் எல்லாம் ஒரே ரகம் அல்ல. துத்தநாக பாஸ்பைடு உள்ள மருந்து இரைப்பை அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை உண்டாக்கும். அதற்கு உணவு கொடுத்தால் அமிலம் கூடி வாயுவும் கூடும். காரில் கொண்டுவரும்போது வாந்தியெடுத்தால் அந்த வாயு உங்களுக்கும் கெடுதல், கண்ணாடியை இறக்கிவிடுங்கள். எலி மருந்துப் பெட்டியின் அட்டையை மறக்காமல் எடுத்து வாருங்கள். சிகிச்சை எது என்பதை அட்டைதான் சொல்லும்.

பூனைக்கு இதே கதை லில்லிப் பூவில். நீங்கள் நாய்க்குட்டியைப் பற்றித்தான் கேட்டீர்கள் என்றாலும், உங்கள் வீட்டில் எனக்கு அதிகக் கவலை பூனையைப் பற்றித்தான். பூங்கொத்தில் வரும் அசல் லில்லியும், நாள் லில்லி எனப்படும் தோட்டச்செடியும் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். இலை, இதழ், மகரந்தம், ஜாடியிலுள்ள தண்ணீர் எதுவும் விலக்கில்லை. உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே போதும். முதல் சில மணி நேரத்தில் வாந்தியெடுக்கும், பிறகு அடங்கிவிடும். வீட்டார் ‘சரியாகிவிட்டது’ என்று நினைப்பார்கள். ஓரிரு நாளில் சிறுநீரகம் நின்றுபோகும். தின்ற 18 மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக டிரிப்ஸ் ஏற்றத் தொடங்கினால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். தாமதித்தால் சொல்ல முடியாது. பூனை இருக்கும் வீட்டில் லில்லி வேண்டாம் என்பதே என் தீர்ப்பு, உயரத்தில் வைப்பது என்பதெல்லாம் பூனையை அறியாதவர்கள் சொல்வது. பீஸ் லில்லி என்று விற்கும் தொட்டிச்செடி பெயரளவில்தான் லில்லி. கடித்தால் வாய் எரிந்து எச்சில் ஒழுகும், சிறுநீரகத்துக்கு ஒன்றும் செய்யாது. அதற்காகப் பதற வேண்டாம்.

கார் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டும் இந்தக் குடும்பம்தான். எத்திலீன் கிளைகால் உள்ளதாக இருந்தால், குடித்த விலங்கு முதலில் போதையேறியதுபோல் தள்ளாடும், பிறகு தெளியும், அதன் பிறகு சிறுநீரகம் போகும். பூனைக்கு மாற்று மருந்து கொடுக்க 3 மணி நேரம்தான் அவகாசம். தரையில் சிந்தியதைப் பார்த்த மாத்திரத்தில் துடைத்துவிடுங்கள்.

நாயும் பூனையும் சேர்ந்து வாழும் வீட்டுக்கென்றே ஒரு விபத்து உண்டு. நாய்க்குக் கழுத்தில் ஊற்றும் உண்ணி மருந்துகளில் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு அது பிரச்சினை இல்லை. பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக உடைக்க முடியாது. ‘சின்ன உடம்புதானே, பாதி ஊற்றுவோம்’ என்று நாயின் மருந்தைப் பூனைக்கு ஊற்றுவதும், மருந்து ஊற்றிய நாயோடு பூனை உரசிப் படுப்பதும் ஒரே இடத்தில்தான் போய் முடியும்: காது துடிக்கும், தோல் துடிக்கும், நடுக்கம் வரும், வலிப்பு வரும். இப்படி ஆனால், வலிப்பு இல்லாத நிலையில், வெதுவெதுப்பான தண்ணீரிலும் பாத்திரம் கழுவும் திரவத்திலும் பூனையைக் கழுவித் துடைத்துவிட்டு உடனே கிளம்புங்கள். சூடான தண்ணீர் மருந்தைத் தோலுக்குள் இழுக்கும், குளிர்ந்த தண்ணீர் நடுக்கத்தைக் கூட்டும், இரண்டும் வேண்டாம். உங்கள் குட்டிக்கு உண்ணி மருந்து வாங்கும்போது வீட்டில் பூனையும் உண்டு என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பெர்மெத்ரின் இல்லாததாகவே எழுதித் தருவார்.

பாராசிட்டமாலும் அப்படித்தான். நமக்குக் காய்ச்சல் மாத்திரை. பூனைக்கு ஒரே மாத்திரை உயிரை எடுக்கும். இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் திறனை இழந்து ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும். பூனை தானாகத் தின்பது அபூர்வம். உடம்பு சுடுகிறதே என்று அன்பாகக் கொடுத்துவிடுபவர்கள்தான் அதிகம். நாய்க்கு ஐபுப்ரோபென் கொடுப்பதும் இந்த வகை அன்புதான், வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரும்.

இனி உணவு. இரண்டைத் தவிர மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலாவது சைலிட்டால், சர்க்கரை இல்லாத சூயிங் கம்மில் போடும் இனிப்பு. பற்பசை, மவுத்வாஷ், சில வேர்க்கடலை வெண்ணெய்களிலும் இருக்கும். மனிதரிடம் அப்பாவி. நாயின் உடல் அதைச் சர்க்கரை என்று ஏமாந்து இன்சுலினைக் கொட்டிவிடும், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை சரியும். கிலோவுக்கு 0.1 கிராம் போதும். உங்கள் குட்டிக்கு 0.6 கிராம், அதாவது சில ரகங்களில் ஒரே ஒரு கம். இன்னும் அதிகம் போனால் கல்லீரல் கெடும், அது ஓரிரு நாள் கழித்தே தெரியும். தள்ளாடத் தொடங்கிவிட்டால் வரும் வழியிலேயே ஈறில் தேனோ சர்க்கரைப் பாகோ தடவிக்கொண்டே வாருங்கள். வீட்டில் இது கிடக்கும் இடம் அலமாரி அல்ல, தரையில் வைக்கும் கைப்பை. கம், மாத்திரை, சானிட்டைசர் எல்லாம் ஒரே இடத்தில். குழந்தைகளால் திறக்க முடியாத மூடி என்பது நாய்க்குப் பொருந்தாது. அது மூடியைத் திறப்பதில்லை, டப்பாவைக் கடித்து நொறுக்குகிறது.

இரண்டாவது திராட்சை, உலர்ந்த திராட்சை. இங்கே கணக்கு உதவாது. ஒரு நாய் கொத்தாகத் தின்று சும்மா இருக்கும், இன்னொன்று நாலைந்தில் சிறுநீரகம் பழுதாகிப் படுத்துவிடும். திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று இப்போது சந்தேகிக்கிறார்கள். அதன் அளவு பழத்துக்குப் பழம் மாறும். குட்டி தின்றால் எண்ணிக்கை பார்க்காமல் மருத்துவரை அழையுங்கள்.

வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும். சமைத்தாலும் போகாது, பொடியாக்கினால் செறிவு கூடும், இரத்தசோகை சில நாள் கழித்துத் தெரியும். நாயைவிடப் பூனைக்குக் கெடுதல் அதிகம். பூசணம் பிடித்த ரொட்டி, பருப்பு தின்ற நாய் உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு வரும், ஆகவே சாப்பாட்டு மேசையைவிடக் குப்பைத்தொட்டியைக் காவல் காப்பது முக்கியம். ஈஸ்ட் கலந்த பச்சை மாவு வயிற்றுக்குள் உப்பி, சாராயத்தையும் உண்டாக்கும். வேகவைத்த எலும்பு ஈட்டிபோல் பிளக்கும். பட்டியலில் எல்லாரும் பயமுறுத்தும் ஆப்பிள் விதை? நாலு விதையை விழுங்கினால் ஒன்றும் இல்லை. பாலும் அப்படித்தான், சிலவற்றுக்கு வயிறு இளகும்.

நான்கு மாதக் குட்டிக்குப் பல் மாறும் வயது, எதையும் கடிக்கும். ரிமோட்டுக்குள் இருக்கும் பட்டன் செல் விஷம் அல்ல, அதைவிட மோசம்: உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அரை மணி நேரத்துக்குள்ளேயே திசுவைப் பொசுக்கத் தொடங்கிவிடும். சாக்ஸ், மக்காச்சோளக் கட்டை, பழக்கொட்டை குடலை அடைக்கும். பூனைக்கு நூல். நாக்கின் முட்கள் உள்நோக்கி இருப்பதால் வாய்க்குள் போன நூலைத் துப்ப முடியாது, விழுங்கியே ஆக வேண்டும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுத்துவிடாதீர்கள். மறுமுனை எங்கே சிக்கியிருக்கிறதோ, இழுக்கும்போது அது குடலை அறுத்துவிடும்.

உப்புத் தண்ணீருக்கு வருகிறேன். ஒரு தேக்கரண்டி உப்பு ஏறக்குறைய 6 கிராம். கிலோவுக்கு 2 கிராம் உப்பே நாய்க்கு நஞ்சாகத் தொடங்கும். உங்கள் குட்டிக்கு இரண்டு தேக்கரண்டி அந்த அளவு. வாந்தி வராமல் போனால் இன்னொரு கரண்டி கொடுக்கத் தோன்றும்; தின்ற சாக்லேட் செய்யாததை உப்பு செய்துவிடும், மூளை வீங்கி வலிப்பு வரும். வாந்தி வரவைக்கக் கொடுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் மருத்துவர் தொலைபேசியில் அளவு சொன்னால் நாய்க்கு மட்டும், பூனைக்கு ஒருபோதும் இல்லை. மண்ணெண்ணெய், ஆசிட், கழிவறைச் சுத்திகரிப்பான், பிளீச்சிங் திரவம் குடித்திருந்தால் வாந்தியெடுக்க வைக்கவே கூடாது. இறங்கும்போது சுட்டது ஏறும்போதும் சுடும், எண்ணெய் நுரையீரலுக்குள் போகும். மயங்கிய விலங்குக்கும் கூடாது. மருத்துவமனையில் ஊசி போட்டுப் பத்திரமாக வாந்தியெடுக்க வைப்போம், ஆனால் தின்று இரண்டு மணி நேரத்துக்குள் வந்தால்தான் பெரும்பாலும் பலன். பால் எதற்கும் மாற்று மருந்து அல்ல.

அழைக்கும்போது சொல்ல வேண்டியவை: என்ன தின்றது, அதிகபட்சம் எவ்வளவு போயிருக்கும், எத்தனை மணிக்கு, எடை எவ்வளவு. நேரம் தெரியாவிட்டால் கடைசியாக அந்தப் பொருளை முழுதாகப் பார்த்த நேரத்தைச் சொல்லுங்கள். கடித்த உறை, அட்டை, வாந்தியில் வந்த துண்டு எதையும் எறிந்துவிடாதீர்கள். இரண்டு விலங்குகள் இருப்பதால் எது தின்றது என்று தெரியாவிட்டால் இரண்டையும் கூட்டி வாருங்கள். குட்டியின் எடை வாரத்துக்கு வாரம் மாறும் வயது இது. நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் நின்று, உங்கள் எடையைக் கழித்து வரும் எண்ணை, மருத்துவரின் தொலைபேசி எண்ணோடும் இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணோடும் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். போன வார சாக்லேட்டுக்காக இப்போது எந்தப் பரிசோதனையும் தேவையில்லை.