பெரிதாக விழுந்துவிட்ட பிறகு கிறிஸ்தவ விசுவாசத்தை எப்படித் தக்கவைத்துக்கொள்வது?

பல ஆண்டுகள் சபையில் பொறுப்பில் இருந்து, பெரிய தவறொன்றில் விழுந்துவிட்டதாகவும், இப்போது முழங்கால் போட்டாலே 'உனக்கு என்ன யோக்கியதை?' என்ற எண்ணம்தான் முதலில் வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த யோக்கியதை விழுவதற்கு முன்பும் உங்களுக்கு இருந்ததில்லை; எனக்கும் இல்லை. இப்போது உடைந்திருப்பது உங்கள்மேல் நீங்கள் வைத்திருந்த நம்பிக்கை. தேவன்மேல் வைத்த விசுவாசத்தையும் அதோடு சேர்த்துப் புதைத்துவிடாதீர்கள்.

லூக்கா 22-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். சேவல் கூவுமுன் மூன்று தரம் தம்மைத் தெரியாது என்று மறுதலிப்பான் எனச் சொல்வதற்கு முன்பே இயேசு தம் சீஷன் பேதுருவிடம், "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்கிறார். அவன் விழாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டதாக அங்கே இல்லை. அதே மூச்சில், "நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து" என்று வேலையும் கொடுத்துவிடுகிறார். மறுதலிப்பு இன்னும் நடக்கவே இல்லை. எழுந்தபின் செய்யவேண்டியது முடிவாகிவிட்டது. விழுந்தவர்களுடன் பேசும்போதெல்லாம் நான் முதலில் எடுப்பது இந்தப் பகுதியைத்தான்.

விழுந்த இன்னொருவன், இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீஷன் யூதாஸ். அவன் மனம் வருந்தவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். மத்தேயு 27-ஐப் பாருங்கள்: மனஸ்தாபப்பட்டான், அதற்காக வாங்கிய முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான், "பாவஞ்செய்தேன்" என்று வாய்விட்டே சொன்னான். ஆனால் போய்ச் சொன்னது பிரதான ஆசாரியரிடமும் மூப்பரிடமும். கிடைத்த பதில்: "எங்களுக்கென்ன, அது உன்பாடு." அதன்பின் தனியாகப் போய் உயிரை மாய்த்துக்கொண்டான். பேதுருவும் மனங்கசந்து அழுதான். ஆனால் யோவான் 21-இல் மற்றச் சீஷர்களோடு ஒரே படகில் இருக்கிறான். கரையில் உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரிநெருப்பு மூட்டி மீன் வைத்திருக்கிறார். பிரதான ஆசாரியனின் முற்றத்தில் அவன் மறுதலித்தபடி குளிர்காய்ந்ததும் கரிநெருப்பில்தான். இம்முறை அதனருகே மூன்று தடவை "என்னை நேசிக்கிறாயா?" என்ற கேள்வி. வலித்திருக்கும், துக்கப்பட்டான் என்றே எழுதியிருக்கிறது. ஆனால் கேட்டவர் ஆண்டவர்.

ஆகையால் யாரிடம் சொல்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். 'அது உன்பாடு' என்று கைகழுவும் ஆட்கள் சபைக்குள்ளும் உண்டு. வாய் இறுக்கமான, பைபிளும் மனிதரும் தெரிந்த ஒரு போதகரையோ மூத்த விசுவாசியையோ தேடுங்கள். கத்தோலிக்கர் என்றால் ஒப்புரவு அருட்சாதனம் (பாவசங்கீர்த்தனம்) இருக்கிறது. யூதாஸ் போன வழியில் எண்ணம் போனால் ஜெபத்தோடு நிறுத்தாமல் அன்றே ஒரு மருத்துவரையும் பாருங்கள். அது அவிசுவாசம் ஆகாது.

திரும்பி வர வழி உண்டா என்பது திருச்சபைக்குப் புதிய கேள்வியும் அல்ல. கி.பி. 250-இல் ரோமப் பேரரசன் டேசியஸ் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று கட்டளையிட்டபோது, ஏராளமான கிறிஸ்தவர்கள் பயந்து பலியிட்டார்கள். ஆபத்து தணிந்ததும் அவர்களைச் சேர்த்துக்கொள்வதா என்று பெரும் சச்சரவு எழுந்தது. ரோமில் நோவேஷியன் என்ற மூப்பர் கூடவே கூடாது என்றார். 251-இல் வட ஆப்பிரிக்காவிலுள்ள கார்த்தேஜ் நகரின் ஆயர் சிப்ரியான் தலைமையில் கூடிய ஆயர்கள், மனந்திரும்புதலுக்குரிய காலமும் ஒழுங்கும் வைத்து வழியைத் திறந்தார்கள். திருச்சபை பெரும்பாலும் பின்பற்றியது அந்த வழியைத்தான். எல்லாவற்றையும் உடனே மறந்துவிடலாம் என்பாரையும் சிப்ரியான் ஏற்கவில்லை. அதுவும் எனக்குச் சரியாகவே படுகிறது.

ஏனென்றால் மன்னிப்புக் கிடைத்தது என்பதற்காக விளைவு மறைந்துவிடாது. பத்சேபாள் விஷயத்தில் விழுந்த தாவீது ராஜாவுக்கும் மறையவில்லை. உங்களால் காயப்பட்டவர் இருந்தால் அவரிடம் போய்ச் சாக்குச் சொல்லாமல் மன்னிப்புக் கேளுங்கள். எடுத்தது ஏதாவது இருந்தால் வரி வசூலித்த சகேயுவைப் போலத் திருப்பிக் கொடுங்கள். அவர் மன்னிக்க வேண்டும் என்று மட்டும் வற்புறுத்தாதீர்கள்.

ஜெபிக்க வார்த்தை வராத நாட்களில் 51-ஆம் சங்கீதத்தையோ 130-ஆம் சங்கீதத்தையோ அப்படியே சத்தமாக வாசியுங்கள், போதும். ஆராதனையை விட்டுவிடாதீர்கள், பழைய பொறுப்பை இப்போதே திருப்பிக் கேட்காதீர்கள். ஊழியப் பயணத்தைப் பெர்கே பட்டணத்தில் பாதியில் விட்டுப்போன மாற்குவை அடுத்த பயணத்துக்குக் கூட்டிப்போகப் பவுல் மறுத்துவிட்டார்; அதற்காக உடன் ஊழியரான பர்னபாவையே பிரிந்தார். அதே பவுல் பிற்பாடு சிறையிலிருந்து, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். இடைப்பட்ட வருஷங்களில் மாற்கு தன் பக்க நியாயத்தைப் பேசிக்கொண்டு திரிந்ததாக எங்கும் இல்லை.