மறதி நோயுள்ள தாயாருக்குக் கழிவறைக் கதவு தெரியவில்லை

வணக்கம் ஐயா. ஜெலுத்தோங்கில் உள்ள தங்கள் தரைவீட்டைப் புதுப்பித்து எல்லாக் கதவுகளுக்கும் ஒரே வெள்ளைச் சாயம் அடித்த பிறகு, மறதி நோயுள்ள தாயார் இரவில் கழிவறையைத் தேடி அலைகிறார் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டை மாற்றினால் அவருடைய அலைச்சல் குறையும் என்றே நம்புகிறேன். நாம் இருக்கும் இடத்தை உணர்த்தும் நரம்பணுக்கள் மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில் இருப்பதை நரம்பியல் அறிஞர் ஜான் ஓகீஃப் 1971இல் கண்டறிந்தார். 2014இல் அதற்காக நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். மறதி நோய்க்குப் பெரும்பாலும் காரணமான அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்கும் பகுதிகளுள் ஹிப்போகேம்பஸும் ஒன்று என்பதால், மனத்திலுள்ள வரைபடம் மங்கியவருக்குக் கண்ணெதிரே நிற்கும் அடையாளமே துணை.

ஆகவே, கழிவறைக் கதவுக்கு மட்டும் சுவரிலிருந்து பளிச்சென்று வேறுபடும் நிறம் பூசி, படுத்தபடியே அது தெரியுமாறு கட்டிலைத் திருப்பிப் போடுங்கள். நீங்கள் குறிப்பிட்ட கறுப்புக் கால்மிதியை இன்றே எடுத்துவிடுங்கள். அது அவருக்குப் பள்ளமாகத் தோன்றலாம். என் பாட்டி அப்படியொரு மிதியின் விளிம்பில் நின்று, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலால் துழாவியதை நான் பார்த்திருக்கிறேன். இரவு விளக்கு மங்கிய மஞ்சளாகத் தரையை ஒட்டி இருக்கட்டும். நீலம் கலந்த வெள்ளொளி உறக்கத்தைக் கலைக்கும். அவருக்குப் பழகிய அடையாளமான சாமி மேடையை இடம் மாற்றியிருந்தால், பழைய இடத்திலேயே வைத்துவிடுங்கள்.