நுரையீரல் ஆபரேஷனுக்குப் பிறகு டைக்ளோபினாக் எதற்கு?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் மீன்பிடிக்கும் அப்பாவுக்கு நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு டைக்ளோபினாக் என்ற வலி மருந்து கொடுக்கிறார்கள், பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். விலா எலும்புகளுக்கு நடுவே கீறிய இடம் ஒவ்வொரு மூச்சுக்கும் அசையும். வலிக்குப் பயந்து இருமாமல் இருந்தால் சளி தேங்கி நிமோனியா வரலாம். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் நன்றாக இரும வேண்டும். அதற்குத்தான் இந்த மருந்து. ஆபரேஷன் நடக்கும்போதே ஊசியாகவும் போடுவதுண்டு. உடலில் சுரந்து வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை இது குறைப்பதால், மார்ஃபின் என்ற வலுவான வலி மருந்து குறைவாகவே தேவைப்படும்.

ஆனால் அதே புரோஸ்டாகிளாண்டின்தான் சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தையும் வயிற்றின் உட்சுவரையும் காக்கிறது. சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நம் கடற்கரை வெயிலில் தண்ணீர் போதாமல், கடையில் தானாக வாங்கி நாள்கணக்கில் போடுவதுதான் எனக்குக் கவலை. இதே வகை வலி மருந்தான கீட்டோரோலாக் என்றால் 5 நாளுக்கு மேல் கூடாது. மலம் கறுத்தாலோ சிறுநீர் குறைந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள்.